ஜேம்ஸ் குரோல்

ஜேம்ஸ் குரோல் (ஜனவரி 2, 1821 – டிசம்பர் 15, 1890) ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அறிவியலாளர் ஆவார். பூமி சூரியனைச் சுற்றிவரும் பாதையில் நீண்டகால அளவில் ஏற்படும் மாற்றங்களே பனியுகங்கள் தோன்றுவதற்கு அடிப்படைக் காரணம் என்னும் கோட்பாட்டைக் கணிப்புகளுடன் விரிவாக முன்வைத்தவர் இவர். 13 வயதுடன் பள்ளிப் படிப்பை நிறுத்திய குரோல், தச்சர், தேயிலை வணிகர், விடுதி நடத்துநர், காப்பீட்டு முகவர் எனப் பல தொழில்களைச் செய்து, கிளாஸ்கோ நகரில் ஒரு கல்லூரியின் கட்டடக் காவலாளராக இருந்த காலத்தில் தமது முக்கியமான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அவரது கோட்பாடு அவர் வாழ்ந்த காலத்திலேயே புகழ்பெற்று, அவர் இறந்த சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டில் திருத்தப்பட்ட வடிவில் அது மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அண்மைய நிலவியல், சூழல் வரலாற்றை ஆராயும் பிரித்தானியாவின் குவாட்டர்னரி ஆய்வுச் சங்கம் வழங்கும் மிக உயர்ந்த விருது இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

பிறப்பும் இளமைக் காலமும்

குரோல், ஸ்கொட்லாந்தின் பெர்த்சயர் பகுதியில் உள்ள லிட்டில் வைட்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை டேவிட் ஒரு கல்தச்சர். சிறிதளவு நிலத்தில் வேளாண்மையும் செய்துவந்தார். தாய் ஜேனட் எல்லிஸ், எல்ஜின் நகரைச் சேர்ந்தவர். குடும்பம் பின்னர் அருகில் உள்ள வுல்ஃப்ஹில் என்னும் ஊரில் குடியேறியது. தந்தை வேலையின் பொருட்டு ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்ததால், நிலத்தைக் கவனிக்கும் பொறுப்பு தாய் மீதும் பிள்ளைகள் மீதும் விழுந்தது. இதனால் குரோல் 13 ஆவது வயதில் பள்ளியை விட்டு விலகினார்.

1832 ஆம் ஆண்டில், தமது 11 ஆவது வயதில், பெர்த் நகரில் ஒரு கடையில் கண்ட பென்னி மேகசின் என்னும் மலிவு விலை இதழ் இவருக்கு வாசிப்பில் ஆர்வத்தை ஏற்படுத்தியது. அதன் பின்னர் மெய்யியல், இயற்பியல் ஆகிய துறைகளின் நூல்களைத் தாமாகவே படிக்கத் தொடங்கினார். தனித்தனித் தரவுகளைவிட அவற்றுக்கு அடிப்படையான பொது விதிகளிலேயே இவரது நாட்டம் இருந்தது. நுணுக்கமான விவரங்கள் மிகுந்த நிலவியலை அக்காலத்தில் இவர் விரும்பவில்லை. பிற்காலத்தில் இவருக்குப் புகழ் தேடித் தந்தது அந்தத் துறையே ஆகும்.

தொழில்கள்

குரோல் 16 ஆவது வயதில் ஆலை இயந்திரங்களை அமைக்கும் தச்சரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பயிற்சி முடிந்த பின்னர் பண்ணைகளில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் ஊர் ஊராக அலைந்தார். இடையில் அல்ஜீப்ரா கற்பதற்காகச் சிறிது காலம் மீண்டும் பள்ளிக்குச் சென்றார். பின்னர் கட்டடத் தச்சராக வேலை செய்தபோது, இளவயது முதல் நோயுற்றிருந்த முழங்கை மூட்டு இறுகிப்போனது. அதன் பின்னர் கடினமான கைத்தொழில் எதையும் செய்ய இயலாத நிலை ஏற்பட்டது.

1847 ஆம் ஆண்டளவில் எல்ஜின் நகரில் ஒரு தேயிலைக் கடையைத் திறந்தார். 1848 இல் இசபெல்லா மக்டொனால்டு என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். உடல் நலக் குறைவு காரணமாகக் கடையைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை. 1852 இல் பிளேர்கவ்ரி என்னும் ஊரில் மது பரிமாறாத விடுதி ஒன்றைத் தொடங்கினார். அதுவும் நீடிக்கவில்லை. பின்னர் சில ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு முகவராக ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலும் பணியாற்றினார். அறிமுகம் இல்லாதவர்களை அணுகிப் பேசும் அவ்வேலை, கூச்ச இயல்புடைய குரோலுக்கு ஒத்துவரவில்லை. மனைவியின் உடல்நிலை பாதிக்கப்பட்டதால் 1857 இல் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பினார். அதே ஆண்டில் இறைக்கோட்பாடு பற்றிய இவரது முதல் நூல் ஆசிரியர் பெயரின்றி வெளியானது. அடுத்து மதுவிலக்கு வார இதழ் ஒன்றில் சிறிது காலம் வேலை செய்தார்.

ஆண்டர்சோனியன் கல்லூரியில்

1859 ஆம் ஆண்டில் குரோல் கிளாஸ்கோவில் இருந்த ஆண்டர்சோனியன் கல்லூரியிலும் அதன் அருங்காட்சியகத்திலும் கட்டடக் காவலாளராக நியமிக்கப்பட்டார். ஊதியம் குறைவாக இருந்தபோதும் தங்குவதற்கு இடம் கிடைத்தது. இவருடன் வாழ்ந்த தம்பி டேவிட் வேலைகளில் உதவியதால் படிப்பதற்கு நேரமும் கிடைத்தது. கல்லூரி நூலகத்துடன், அங்கு வைக்கப்பட்டிருந்த கிளாஸ்கோ மெய்யியல் கழகத்தின் நூலகத்தையும் இவர் பயன்படுத்தினார். 1860களின் தொடக்கத்தில் மின்சாரம், வெப்பம் ஆகியவை தொடர்பான கட்டுரைகளை எழுதிய இவர், பின்னர் பனியுகங்களின் காரணம் பற்றிய சிக்கலில் ஈடுபட்டார்.

பனியுகம் பற்றிய அக்காலக் கருத்துக்கள்

ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பனிப்படலத்தால் மூடப்பட்டிருந்தது என்னும் கருத்தை 1837 இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூயி அகாசி முன்வைத்தார். 1840 இல் அவர் ஸ்கொட்லாந்துக்கு வந்து, அங்குள்ள பள்ளத்தாக்குகளிலும் பனியாறுகளின் தடயங்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார். இக்கருத்து படிப்படியாக ஏற்றுக்கொள்ளப்பட்டபோதும், அவ்வளவு பெரிய காலநிலை மாற்றத்துக்குக் காரணம் எது என்பது விளங்கவில்லை.

1842 இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் அதெமார் வானியல் அடிப்படையில் ஒரு விளக்கத்தைக் கூறினார். பூமியின் சுழல் அச்சு ஒரு பம்பரத்தின் அச்சைப் போல மெதுவாகத் திசை மாறுகிறது. இது அயன சலனம் எனப்படும். இதன் காரணமாக, பூமி சூரியனுக்கு மிகத் தொலைவில் இருக்கும்போது எந்த அரைக்கோளத்தில் குளிர்காலம் நிகழும் என்பது ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறி வரும். நீண்ட குளிர்காலத்தைப் பெறும் அரைக்கோளத்தில் பனியுகம் தோன்றும் என்பது அதெமாரின் கருத்து. ஆனால், ஓர் ஆண்டு முழுவதிலும் இரு அரைக்கோளங்களும் பெறும் வெப்பத்தின் மொத்த அளவு சமமே என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. இதனால் அதெமாரின் விளக்கத்தைப் பலரும் ஏற்கவில்லை.

குரோலின் கோட்பாடு

1864 ஆகஸ்டில் பிலசாஃபிக்கல் மேகசின் என்னும் அறிவியல் இதழில் குரோலின் கட்டுரை வெளியானது. நிலவியல் காலங்களில் நிகழ்ந்த காலநிலை மாற்றங்களின் பௌதிகக் காரணத்தை அது ஆராய்ந்தது. சார்லஸ் லயல், சார்லஸ் டார்வின் முதலியோருடன் குரோலுக்கு ஏற்பட்ட கடிதத் தொடர்புக்கு இவ்விதழில் வெளியான கட்டுரைகளே வழிவகுத்தன.

பூமியின் பாதை முழுமையான வட்டம் அன்று, சற்றே நீள்வட்டமானது. தற்போது ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது. பிற கோள்களின் ஈர்ப்பு காரணமாக இந்நீள்வட்டத் தன்மை (வட்டவிலகல்) கூடியும் குறைந்தும் வருகிறது. மிகக் கூடிய நிலையில் இந்த வேறுபாடு தற்போதுள்ளதைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகும். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே இம்மாற்றத்தைக் கணிப்பதற்கான சூத்திரங்களை உருவாக்கியிருந்தார். குரோல் அவற்றைப் பயன்படுத்தி, கடந்த 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் வரவிருக்கும் 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் வட்டவிலகலின் அளவுகளைக் கையால் கணித்து அட்டவணையாக வெளியிட்டார்.

குரோலின் கருத்துப்படி, சூரிய வெப்பத்தில் ஏற்படும் மாற்றம் பனியுகத்தை நேரடியாக உருவாக்குவதில்லை. அது பிற பௌதிகச் செயல்முறைகளைத் தூண்டிவிடுகிறது. அச்செயல்முறைகளே சிறிய மாற்றத்தைப் பெரிதாக்குகின்றன. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

* வட்டவிலகல் கூடுதலாக இருக்கும் காலத்தில், சூரியனுக்குத் தொலைவில் குளிர்காலத்தைக் கழிக்கும் அரைக்கோளத்தில் குளிர்காலம் நீண்டும் கடுமையாகவும் இருக்கும். மழையாகப் பெய்ய வேண்டிய நீர் பனியாக விழுந்து தேங்கும்.
* வெண்பனிப் பரப்பு சூரிய ஒளியின் பெரும்பகுதியை வானத்துக்கே திருப்பி அனுப்பும். இதனால் குளிர் மேலும் கூடி, பனிப்பரப்பு மேலும் விரியும்.
* ஓர் அரைக்கோளம் குளிர்ந்தால் அதன் தடக்காற்றுகள் வலுப்பெறும். வட அரைக்கோளம் குளிரும்போது, அட்லாண்டிக்கின் வெப்பமான நிலநடுக்கோட்டு நீரோட்டம் தெற்கு நோக்கித் தள்ளப்பட்டு, பிரேசிலின் கிழக்கு முனையில் மோதித் தென் அரைக்கோளத்துக்குத் திரும்பும். ஐரோப்பாவுக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்லும் வளைகுடா நீரோட்டம் நலிவடையும்.

விளைவு தன் காரணத்தையே வலுப்படுத்தும் இத்தகைய தொடர்பு இன்று பின்னூட்டம் என்று அழைக்கப்படுகிறது. காலநிலை மாற்றத்துக்கான விளக்கத்தில் இதற்கு மையமான இடம் கொடுத்த முதல் அறிஞர்களுள் குரோலும் ஒருவர்.

வட்டவிலகல் கூடுதலாக இருக்கும் நீண்ட காலப்பகுதிக்குள், அயன சலனத்தின் காரணமாக இரு அரைக்கோளங்களிலும் பனிக்காலமும் இளஞ்சூடான இடைக்காலமும் மாறி மாறி வரும் என்று குரோல் கூறினார். எனவே பனியுகம் ஒன்று அன்று, பல என்பதும், அவற்றுக்கிடையே பனி விலகிய காலங்கள் இருந்தன என்பதும் இவரது கோட்பாட்டிலிருந்து பெறப்பட்டன. கடைசிப் பனியுகம் சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் 80,000 ஆண்டுகளுக்கு முன் முடிவடைந்தது என இவர் கணித்தார்.

நிலவியல் அளவைத் துறையில்

1867 இல் ஸ்கொட்லாந்து நிலவியல் அளவைத் துறையின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆர்ச்சிபால்டு கெய்க்கி, எடின்பரோவில் இருந்த அத்துறை அலுவலகத்தில் பணியாற்ற வருமாறு குரோலை அழைத்தார். அப்போது குரோலுக்கு வயது 46. அரசுப் பணிக்குரிய தேர்வில் எண்கணிதத்திலும் கட்டுரை எழுதுவதிலும் இவர் தேர்ச்சி பெறவில்லை. பல இலட்சம் ஆண்டுகளுக்கான வானியல் கணிப்புகளைச் செய்தவர் எண்கணிதத் தேர்வில் தவறியது கவனத்தை ஈர்த்தது. இவரது வெளியீடுகளைத் தகுதியாகக் கொள்ளுமாறு மேலதிகாரிகள் வலியுறுத்தியதன் பேரில் விதிவிலக்கு அளிக்கப்பட்டு, நியமனம் உறுதியானது.

1865 முதல் குரோலுக்குத் தலையில் நீங்காத வலி இருந்துவந்தது. நீண்ட நேரம் சிந்தித்தால் வலி கூடியதால் சிறிது சிறிதாகவே எழுத முடிந்தது. அலுவலக வேலைக்குப் பின் எஞ்சிய நேரத்திலேயே தமது ஆய்வுகளைத் தொடர்ந்தார்.

இக்காலத்தில் குரோல் களச் சான்றுகளிலும் கவனம் செலுத்தினார். துளையிட்டு எடுக்கப்பட்ட பதிவுகளைக் கொண்டு, பனிப்படிவுகளுக்கு அடியில் புதையுண்ட பழைய ஆற்றுப் பள்ளங்களைப் பற்றி எழுதினார். ஸ்கொட்லாந்தின் வடகோடியில் உள்ள கெய்த்னஸ் பகுதியின் களிமண் படிவுகளை, வட கடலை நிரப்பி நின்ற பனிப்படலமே கொண்டுவந்து சேர்த்தது என விளக்கினார். இதே துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் கெய்க்கி, 1874 இல் வெளியிட்ட பனியுகம் பற்றிய தமது நூலில் குரோலின் கோட்பாட்டை ஆதரித்தார். பனிப்படிவு அடுக்குகளுக்கு இடையே காணப்படும் தாவர எச்சங்கள், பனி விலகிய இடைக்காலங்களுக்குச் சான்றாகக் காட்டப்பட்டன.

முதன்மை நூல்

1875 இல் கிளைமேட் அண்ட் டைம் (காலநிலையும் காலமும்) என்னும் நூல் வெளியானது. முந்தைய கட்டுரைகளின் கருத்துக்களைத் தொகுத்து விரிவாக்கிய இந்நூலில், பூமியின் அச்சுச் சாய்வில் ஏற்படும் மாற்றத்தையும் ஒரு காரணியாகக் குரோல் சேர்த்துக்கொண்டார். எனினும் அம்மாற்றத்தின் கால அளவை அவரால் துல்லியமாகக் கணிக்க முடியவில்லை.

பழைய பனியுகங்களின் தடயங்கள் நிலத்தில் அரிதாகக் காணப்படுவது குரோலின் கோட்பாட்டுக்கு எதிரான ஒரு வாதமாக இருந்தது. நிலப்பரப்பு தொடர்ந்து அரிக்கப்பட்டு வருவதால் அத்தடயங்கள் அழிந்துபோகின்றன என்று குரோல் இதற்கு விடை கூறினார். ஆறுகள் அடித்துச் சென்ற உயிரின எச்சங்கள் கடலின் அடியில் மணலுக்கும் சேற்றுக்கும் கீழே புதைந்து கிடக்கின்றன என்றும் சுட்டிக்காட்டினார். கடலடிப் படிவுகளை நீண்ட தண்டுகளாக எடுத்து ஆராயும் வசதி அப்போது இல்லை.

பிற ஆய்வுகள்

கடல் நீரோட்டங்களை இயக்குவது காற்றே என்று குரோல் வாதிட்டார். வெப்பநிலை வேறுபாட்டால் ஏற்படும் நீரின் அடர்த்தி மாற்றமே காரணம் என்று கூறிய வில்லியம் கார்ப்பென்டருடன் இது தொடர்பாக நீண்ட விவாதம் நடைபெற்றது. மேற்பரப்பு நீரோட்டங்களுக்குக் காற்று முதன்மையான காரணம் என்பதும், ஆழ்கடல் சுழற்சிக்கு அடர்த்தி வேறுபாடு இன்றியமையாதது என்பதும் இன்று அறியப்பட்டுள்ளன.

மிசிசிப்பி ஆறு கடலுக்குக் கொண்டுசெல்லும் வண்டலின் அளவைக் கொண்டு, அதன் வடிநிலம் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு ஓர் அடி வீதம் அரிக்கப்படுகிறது என்று குரோல் மதிப்பிட்டார். நிலவியல் காலத்தை ஆண்டுகளில் அளப்பதற்கான தொடக்க முயற்சிகளுள் இது ஒன்று. சூரியன் ஒடுங்குவதால் மட்டும் வெளிப்படும் வெப்பம் நிலவியலும் உயிரினக் கூர்ப்பும் வேண்டும் நீண்ட காலத்துக்குப் போதாது எனக் கருதிய இவர், விண்பொருட்கள் மோதியதால் கூடுதல் வெப்பம் பிறந்திருக்கலாம் என்று கூறினார். சூரியனின் ஆற்றல் அணுக்கருச் சேர்க்கையிலிருந்து கிடைக்கிறது என்பது 20 ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டதால் இக்கருத்து வழக்கொழிந்தது.

பெருமைகளும் இறுதிக் காலமும்

1876 ஆம் ஆண்டில் குரோல் லண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. டார்வின் தமது உயிரினங்களின் தோற்றம் நூலின் பிற்காலப் பதிப்புகளில் குரோலின் கருத்துக்களைப் பயன்படுத்தினார். ஆல்ஃபிரட் ரசல் வாலசு 1880 இல் வெளியிட்ட தீவு வாழ்க்கை பற்றிய நூலில் குரோலின் கோட்பாட்டைச் சில திருத்தங்களுடன் ஏற்றுக்கொண்டார்.

உடல்நலம் குன்றியதால் 1880 இல் குரோல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பணிக்காலம் குறைவாக இருந்தமையால் ஓய்வூதியம் மிகச் சிறியதாக இருந்தது. அதைக் கூட்டித் தரும்படி அறிவியலாளர்கள் பலர் அரசிடம் செய்த முயற்சி பயனளிக்கவில்லை. வறுமையிலும் நோயிலும் எழுதுவதைத் தொடர்ந்த குரோல், 1886 இல் பெர்த் நகரில் குடியேறினார். 1890 டிசம்பர் 15 அன்று அங்கு காலமானார். இவரது உடல் கார்கில் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

கோட்பாட்டின் வீழ்ச்சி

குரோலின் கணிப்புப்படி கடைசிப் பனியுகம் 80,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வட அமெரிக்காவில் நயாகரா முதலிய அருவிகள் பின்வாங்கும் வேகத்தைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடுகள், பனி விலகி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளே ஆகியிருக்கும் எனக் காட்டின. மேலும், சூரிய வெப்பத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது என்று வானிலையியலாளர்கள் கருதினர். 19 ஆம் நூற்றாண்டின் முடிவில் இக்கோட்பாட்டைப் பெரும்பாலான நிலவியலாளர்கள் கைவிட்டனர்.

குரோலின் கோட்பாட்டில் இரு முக்கியமான பிழைகள் இருந்தன. பனிப்படலம் வளர்வதற்குக் கடுமையான குளிர்காலத்தைவிட, பனியை உருக்க இயலாத குளிர்ந்த கோடைகாலமே இன்றியமையாதது. இதனை ஜோசப் ஜான் மர்ஃபி என்பவர் குரோலின் காலத்திலேயே எடுத்துக் கூறியபோதும் குரோல் அதனை ஏற்கவில்லை. இரண்டாவதாக, இரு அரைக்கோளங்களிலும் பனியுகங்கள் மாறி மாறி வந்தன என்று அவர் கருதினார். உண்மையில் அவை பெரும்பாலும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

கோட்பாட்டின் மீட்சி

செர்பியாவைச் சேர்ந்த மிலுட்டின் மிலாங்கோவிச் (1879–1958), வட்டவிலகல், அச்சுச் சாய்வு, அயன சலனம் ஆகிய மூன்றையும் சேர்த்து, வெவ்வேறு அகலக்கோடுகளில் கிடைக்கும் சூரிய வெப்பத்தின் அளவைக் கணித்தார். உயர் வட அகலக்கோடுகளின் கோடைகால வெப்பத்தையே பனியுகங்களுக்கான அளவுகோலாக அவர் கொண்டார். 1941 இல் அவரது முதன்மை நூல் வெளியானது. எனினும் அதனைச் சரிபார்ப்பதற்கு நீண்ட காலத்துக்கான தொடர்ச்சியான சான்றுகள் தேவைப்பட்டன.

அச்சான்றுகள் கடலடியிலிருந்தே கிடைத்தன. கடலடிப் படிவுகளில் உள்ள நுண்ணுயிரிகளின் ஓடுகளில் ஆக்சிஜன் ஓரிடத்தான்களின் விகிதத்தை அளந்து, பண்டைய வெப்பநிலையையும் பனியின் அளவையும் அறியும் முறை 1950களில் உருவானது. ஜேம்ஸ் ஹேஸ், ஜான் இம்ப்ரி, நிக்கோலஸ் ஷாக்கில்டன் ஆகியோர் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து எடுக்கப்பட்ட இரு படிவுத் தண்டுகளை ஆராய்ந்து, 1976 டிசம்பரில் சயன்ஸ் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,50,000 ஆண்டுகளுக்கான அப்பதிவில், சுமார் 1,00,000, 42,000, 23,000, 19,000 ஆண்டு இடைவெளிகளில் காலநிலை மாறி மாறி வந்தது தெரியவந்தது. இவை பூமியின் பாதையிலும் அச்சிலும் ஏற்படும் மாற்றங்களின் கால அளவுகளுடன் பொருந்தின. பனியுகங்களின் கால ஒழுங்கைப் பூமியின் வானியல் நிலையே தீர்மானிக்கிறது என்பது இதன் மூலம் உறுதியானது.

குரோல் முதன்மைப்படுத்திய வட்டவிலகல் நேரடியாக ஏற்படுத்தும் வெப்ப மாற்றம் மிகச் சிறியது. அவ்வாறிருந்தும், அண்மைய பனியுகங்களில் 1,00,000 ஆண்டுச் சுழற்சி வலுவாகக் காணப்படுவதன் காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. பனியின் எதிரொளிப்பு, கடல் நீரோட்டங்கள், வளிமண்டலத்தின் கரியமில வாயு ஆகியவற்றின் பின்னூட்டங்கள் இவ்விளக்கங்களில் இடம்பெறுகின்றன. இவற்றுள் முதலிரண்டும் குரோலால் எடுத்துரைக்கப்பட்டவை.

குவாட்டர்னரி ஆய்வுச் சங்கமும் குரோல் பதக்கமும்

குவாட்டர்னரி என்பது சுமார் 25.8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்று வரை தொடரும் நிலவியல் காலம் ஆகும். பனியுகங்களும் மனித இனத்தின் தோற்றமும் இக்காலத்துக்கு உரியவை. இதனை ஆராய்வதற்காகப் பிரித்தானியாவில் 1964 ஆம் ஆண்டில் ஒரு களஆய்வுக் குழு தொடங்கப்பட்டது. 1968 இல் அது குவாட்டர்னரி ஆய்வுச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நிலவியலாளர், புவியியலாளர், தாவரவியலாளர், தொல்லியலாளர் எனப் பல துறையினரும் இதில் உறுப்பினர்களாக உள்ளனர். களப்பயணங்களை நடத்துதல், அவ்விடங்களுக்கான கையேடுகளை வெளியிடுதல், இளம் ஆய்வாளர்களுக்கு நிதியுதவி அளித்தல், ஆய்விதழ் வெளியிடுதல் ஆகியன இதன் பணிகள்.

குவாட்டர்னரி அறிவியலுக்குச் சிறந்த பங்களிப்புச் செய்தவர்களுக்கு இச்சங்கம் வழங்கும் மிக உயர்ந்த விருது ஜேம்ஸ் குரோல் பதக்கம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. முறையான பல்கலைக்கழகக் கல்வி இல்லாத ஒருவரின் பெயரால், பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இவ்விருது வழங்கப்பட்டு வருகிறது.

குரோலின் நூல்கள்

* தி ஃபிலாசஃபி ஆஃப் தீயிசம் (1857)
* கிளைமேட் அண்ட் டைம் (1875)
* டிஸ்கஷன்ஸ் ஆன் கிளைமேட் அண்ட் காஸ்மாலஜி (1885)
* ஸ்டெல்லர் எவல்யூஷன் (1889)
* தி ஃபிலசாஃபிக்கல் பேசிஸ் ஆஃப் எவல்யூஷன் (1890)

குரோலின் தன்வரலாற்றுக் குறிப்பு, ஜேம்ஸ் கேம்பெல் அயன்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றுடன் சேர்ந்து 1896 இல் வெளியானது.